தெருவைக் காக்கும் கணக்கு

நுழையும்முன்

சாலை அமைப்பது சில நாள்களில் முடியும் பணி. அதைக் காப்பதோ ஆண்டு முழுவதும் தொடரும் பணி. கையிலுள்ள சிறுதொகையைக் கொண்டு ஓர் ஊர் தன் தெருக்களை எவ்வாறு காக்கலாம் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

மட்டாஞ்சேரியின் தெருக்கள் பழமையானவை. மிளகும் இஞ்சியும் கைமாறிய கடைவீதியில் இன்றும் சரக்கு வண்டிகள் வந்துபோகின்றன. கடைவீதியைவிட்டு உள்ளே திரும்பினால், இருவர் எதிரெதிரே வரும்போது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளும் உண்டு. நம்மில் பலர் அத்தகைய தெருக்களில்தான் குடியிருக்கிறோம். மழைக்காலத்தில் தேங்கிய நீருக்கடியில் குழி இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மிதிவண்டியில் வரும் மாணவனும் பால் வாங்கச் செல்லும் பாட்டியும் அதில் தடுக்கி விழக்கூடும். ஆகவே, தெருவைக் காப்பது உயிரைக் காப்பதாகும்.

சாலையின் பகை

சாலையைக் கெடுப்பது வண்டிகளின் சுமை மட்டுமன்று. அதைவிடப் பெரும்பகை நீரே ஆகும். தார்ப்பரப்பில் முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றுகிறது. அதன் வழியே மழைநீர் உள்ளிறங்கி, அடியிலுள்ள மண்ணையும் சரளையையும் இளக்குகிறது. மேலே சக்கரம் அழுத்தும்போது, உள்ளே நின்ற நீர் நுண்மண்ணையும் சேர்த்துக்கொண்டு வெளியே பீறிடுகிறது. அடித்தளம் வெற்றிடமாகிறது; தார்ப்பரப்பு உடைந்து குழியாகிறது.

கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. கொச்சியோ கடல்மட்டத்தை ஒட்டிய நிலம். எனவே, இங்கே வடிகாலைக் காப்பதே சாலையைக் காப்பதன் முதற்படி. மலையாளத்தில் 'கான' என்று நாம் கேட்கும் சொல் இவ்வடிகாலையே குறிக்கும்.

எதை முதலில் செய்வது?

ஒரு வட்டாரத்திற்குச் சாலைப் பராமரிப்புக்காக 5,00,000 ரூபாய் கிடைத்துள்ளதாகக் கொள்வோம். இங்கு வரும் தொகைகள் யாவும் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை. முதல் தெருவில் பரப்பு தேய்ந்து வெடிப்புகள் தோன்றியுள்ளன; புதிதாகத் தார் இட 4,50,000 ரூபாய் வேண்டும். இரண்டாம் தெருவில் குழிகளை அடைக்க 1,20,000 ரூபாய் வேண்டும். மூன்றாம் தெருவில் வடிகால் அடைபட்டு நீர் தேங்குகிறது. அதைத் தூர்வாரிச் சீராக்க 1,80,000 ரூபாய் வேண்டும். மொத்தத் தேவை 7,50,000 ரூபாய். கையிருப்போ அதனினும் குறைவு.

முதல் தெருவுக்குப் புதுச்சாலை இட்டால் 50,000 ரூபாயே மிஞ்சும். சாலை கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால், மழை முடிவதற்குள் இரண்டாம் தெருவின் குழிகள் பெருகும். மூன்றாம் தெருவின் அடித்தளம் இளகும். அடுத்த ஆண்டு இரு தெருக்களையுமே புதிதாகப் போட வேண்டிய நிலை வரலாம்.

மாறாக, வடிகாலையும் குழிகளையும் முதலில் சீர்செய்தால் 3,00,000 ரூபாய் செலவாகும். மீதமுள்ள 2,00,000 ரூபாயில் முதல் தெருவின் வெடிப்புகளைத் தார் கொண்டு அடைக்கலாம். அத்தெருவும் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். மிக மோசமான தெருவுக்கே பணம் முழுவதையும் செலவிடுவதைவிட, நல்ல நிலையிலுள்ள சாலைகள் கெடாமல் காப்பதே சிக்கனம். மேலும், குடிநீர்க் குழாய்ப் பணி ஏதேனும் இருப்பின் அதை முடித்த பிறகே தார் இட வேண்டும். இன்று போட்ட சாலையை நாளை தோண்டுவது வீண்செலவு.

குழியை அடைப்பதிலும் முறை உண்டு. நீர் நிற்கும் குழியில் சரளையைக் கொட்டினால் அது நாலு நாளில் சிதறிவிடும். குழியின் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, நீரையும் தளர்ந்த கற்களையும் அகற்ற வேண்டும். பின்னர் ஓரங்களில் தார் பூசி, தார்க்கலவையை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நன்கு இறுக்க வேண்டும்.

மதுரை காட்டிய வழி

செலவைக் குறைக்கும் வழியொன்றை மதுரை நாட்டுக்குக் காட்டியது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழிவு நெகிழியைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 2002ஆம் ஆண்டு கல்லூரி வளாகத்தில் அத்தகைய சாலை அமைக்கப்பட்டது. 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அம்முறை எளிது. நெகிழிப் பைகளைத் தூய்மையாக்கிச் சிறு துண்டுகளாக நறுக்குவர். ஏறத்தாழ 170 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் அவற்றைத் தூவுவர். நெகிழி உருகி, ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய உறையாகப் படியும். பின்னர் தார் சேர்ப்பர். நெகிழி உறை நீரைத் தடுப்பதோடு தாரைக் கல்லுடன் இறுகப் பிணைக்கிறது. 3.75 மீட்டர் அகலமுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் நெகிழி பயன்படும். அதே அளவு தார் மிச்சமாகும். எனினும், பி.வி.சி. எனப்படும் நெகிழியை இதில் சேர்க்கக் கூடாது. நெகிழிச் சாலையும் வடிகாலுக்கு மாற்று ஆகாது.

2023 மார்ச்சு மாதம் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றி, கொச்சி நகரம் பல நாள் புகையில் தவித்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கு எரிந்தவற்றுள் பெருமளவு நெகிழியே. இன்று ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாக வந்து நெகிழியைப் பெற்றுச் செல்கின்றனர். நாம் கழுவி உலர்த்திக் கொடுக்கும் பால் உறை, எரிந்து புகையாவதற்குப் பதிலாக ஒரு தெருவுக்கு உறையாக மாறக்கூடும்.

நம் பங்கு

கேரளத்தில் 1996ஆம் ஆண்டு மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. அதன்பின் உள்ளாட்சிகளுக்குத் திட்டநிதியில் பெரும்பங்கு கிடைத்தது. மக்கள் கூடித் தம் தேவைகளைச் சொல்லும் வழக்கமும் வேரூன்றியது. ஆனால், தமிழ்க் குடும்பங்களில் சிலர், "நமக்கு வாடகை வீடுதானே! மலையாளத்தில் பேசவும் வராது" என்று கூறி ஒதுங்கிவிடுகின்றனர். நடப்பவரின் கால் வாடகைக்காரர் காலா, உரிமையாளர் காலா என்று குழி பார்ப்பதில்லை. யாரும் எடுத்துச் சொல்லாத தெரு கணக்கில் ஏறுவதும் இல்லை.

மாணவர்களே! நீங்கள் தமிழும் மலையாளமும் அறிந்தவர்கள். உங்கள் தெருவின் குழிகளை எண்ணி, வடிகால் அடைபட்ட இடத்தைக் குறித்து, பெற்றோருக்காக மலையாளத்தில் ஒரு மனு எழுதிக் கொடுக்க உங்களால் இயலும். மழை தொடங்கும் சூன் மாதத்திற்கு முன்னரே அதைச் செய்யுங்கள்.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
ஜல்லி – உடைத்த கருங்கல் துண்டுகள்
தூர்வாருதல் – படிந்த சேற்றை அகற்றுதல்
பாகை – வெப்ப அளவின் அலகு

பயிற்சி

1. வெடிப்பு குழியாக மாறும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
2. பாடத்தில் வந்த மூன்று தெருக்களுக்கு 2,50,000 ரூபாய் மட்டுமே கிடைத்தால் எப்பணியை முதலில் செய்வாய்? காரணம் கூறுக.
3. உன் தெருவின் குறையைக் குறிப்பிட்டு, வட்டார உறுப்பினருக்குத் தமிழில் ஒரு மனு எழுதுக. பின் அதனை மலையாளத்தில் பெயர்த்து, வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டுக.