லாப்ரடாரின் மூட்டுவலிக்கு ஸ்டெம் செல்?

கேள்வி: எங்கள் பத்து வயது லாப்ரடார் படியேற முடியாமல் தவிக்கிறான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகுமா?
– வாசகர், தரமணி

பதில்: வலியும் வீக்கமும் தணியலாம். தேய்ந்த குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். பெரும்பாலும் நாயின் சொந்தக் கொழுப்பிலிருந்தே செல்களைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவார்கள். ஐரோப்பாவிலோ நாய்களின் மூட்டுவலிக்கு 2022இல் குதிரையின் தொப்புள்கொடிச் செல் மருந்துக்கே அனுமதி கிடைத்தது! பலன் நாய்க்கு நாய் மாறும்.

முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இடுப்பா, முழங்காலா என்று எக்ஸ்ரேயில் தெரியட்டும். லாப்ரடாருக்கு எடை குறைந்தாலே நடை மாறும். பாவமாக இருந்தாலும் சோற்றைக் குறையுங்கள். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள். வீட்டிலிருக்கும் இபுபுரூஃபனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்: வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.