வயிறும் பெயரும்

மனிதன் எதற்காக உழைக்கிறான் என்று கேட்டால், வயிற்றுக்காக என்று சொல்லிவிடுவது எளிது. அது பிழையன்று, ஆயினும் பாதி விடையே.

அமெரிக்க உளநூல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார். உணவு, உறக்கம் முதலிய உடல் தேவைகள் முதலாவது, அடுத்தது பாதுகாப்பு, பின்னர் அன்பும் உறவும், அதன்மேல் மதிப்பு, இறுதியில், தன்னுள் அடங்கிய ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தும் வேட்கை. கீழ்த்தேவை ஓரளவு நிறைந்தபின் மேல்தேவை மனத்தைப் பற்றும் என்றார் அவர். ‘ஓரளவு’ என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு படி முற்றும் நிறைந்தால்தான் மறுபடி என்று அவர் கூறவில்லை. பாடநூல்களில் காணும் கூம்புப் படமும் அவர் வரைந்ததன்று.

நம் பக்கத்துத் தறிகளில் இதனைப் பொருத்திப் பார்ப்போம். நூலின்றித் தறி நின்ற வீட்டில் கலைப்பெருமை பேசுவது வீண். கூலி கிடைக்கத் தொடங்கியதும், கை தளர்ந்தபின் என் செய்வது என்னும் அச்சம் எழும். கூலியில் ஒரு பகுதியை உறுப்பினர் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டம் தமிழ்நாட்டில் எழுந்தது இவ்வச்சத்தைத் தணிக்கவே. இதுவரை மாஸ்லோவின் வரிசை பொருந்துகிறது.

பவானிக்கு வந்தால் அது தடுமாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆலைத்துணியின் போட்டியால் பிழைப்பு ஆட்டங்கண்டபோதுதான், அவ்வூர் நெசவாளர் முரட்டு நூலில் வண்ண வரியிட்டு ஜமக்காளம் நெய்யத் தலைப்பட்டனர். வயிறு நிறைந்தபின் பிறந்த கலை அன்று அது! அகன்ற விரிப்புக்கு இருவர் ஒரே தறியில் அமர்ந்து நாடாவைக் கைமாற்றி நெய்வர். ஒருவர் வராவிடில் மற்றவர்க்கும் வேலையில்லை. கூலியும் தோழமையும் அங்கே வெவ்வேறு படிகளா?

மதிப்பும் அவ்வாறே. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் வேற்றூர் விசைத்தறி விரிப்பு ‘பவானி’ என்னும் பெயரில் சந்தையில் மலிவாக விலைபோகிறது. பறிபோவது பெயர் மட்டுமா? அதனோடு கூலியும் போகிறது. மாஸ்லோ நான்காவதாக வைத்ததே இங்கு முதலாவதைத் தாங்கி நிற்கிறது. 2019இல் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை விளைவிக்கும் அங்கத்தினரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

படிப்பு வட்டங்களில் ஒரு வினாவை விவாதிக்க வேண்டுகிறோம்: விரிப்பின் விலைச்சீட்டில் சங்கத்தின் பெயரோடு நெய்தவர் பெயரையும் அச்சிட்டால் என்ன? செலவு சிறிதே. நெய்தவர் அதனை விரும்புவாரா என்று முதலில் அவரையே கேட்க வேண்டும்.