புதுச்சேரியில் தாலி, பதிவு எங்கே?

கேள்வி: என் மகள் பிரான்ஸில் லியோன் நகரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பிரெஞ்சுப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், எங்களுக்கும் சம்மதம். பையன் வீட்டார் கத்தோலிக்கர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும் ஊர் என்று புதுச்சேரியைப் பேசியிருக்கிறோம். காலையில் சர்ச், மாலையில் மண்டபத்தில் தாலி. இருவருக்கும் 10 நாள்தான் லீவு. தாலி கட்டிய கையோடு இந்து திருமணமாக ரிஜிஸ்டர் பண்ணித் தருகிறேன் என்கிறார் மண்டபக்காரர். செல்லுமா? மதம் விட்டுக் கட்டினால் பூர்வீக மிளகாய்க்காட்டில் அவளுக்குப் பங்கு கிடையாது என்று பங்காளிகள் சொல்வது உண்மையா?
— வாசகர், எம்.ரெட்டியபட்டி

பதில்: சர்ச், தாலி, விருந்து எல்லாவற்றையும் புதுச்சேரியில் தாராளமாக வையுங்கள். சட்டப்படியான கல்யாணத்தை மட்டும் மண்டபக்காரரிடம் விடாதீர்கள்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமக்கள் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். கிறிஸ்தவரோடு அந்தச் சட்டப்படி செய்த கல்யாணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஆகவே மாப்பிள்ளையை இந்து என்று பொய்யாக எழுதினால்தான் அந்தப் பதிவு நடக்கும். விசா, பிள்ளைகளின் பாஸ்போர்ட் என்று அந்தக் காகிதம் பிற்பாடு எத்தனையோ மேஜைக்குப் போகும். ஏதாவது ஒன்றில் மாட்டும்.

புதுச்சேரியில் இன்னும் பிரெஞ்சுச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது 1881 ஆணைப்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்த குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு. உங்கள் சம்பந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கேயே முடிக்க ஒரு வழி, சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; பிறகு ஆட்சேபணைக்காக இன்னொரு 30 நாள். உங்கள் மகள் ரெட்டியபட்டி வீட்டில் வந்து உட்கார்ந்தாலும் இரண்டு மாதம். கூடுதல் கட்டணம் கட்டினால் திருமண அலுவலர் மண்டபத்துக்கே வருவார், ஆனால் அலுவலகத்திலிருந்து நியாயமான தூரத்துக்குள்தான். விருதுநகர் மாவட்டத்து அலுவலரைப் புதுச்சேரிக்கு அழைக்க முடியாது. லீவு முடிந்து அமெரிக்கா திரும்பிவிட்ட ஒரு மாப்பிள்ளை காணொளியில் தோன்றி மணம் முடிக்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுமதித்தது உண்மை. அதற்கும் ரிட் மனு போட வேண்டியிருந்தது. 10 நாள் லீவில் அந்த நம்பிக்கையோடு இறங்காதீர்கள்.

என் யோசனை, லியோன் நகராட்சியிலேயே முதலில் முடித்துவிடுங்கள். பிரான்ஸில் சட்டம் ஏற்பது நகராட்சியில் நடக்கும் கல்யாணத்தை மட்டுமே; சர்ச் அதற்குப் பிறகுதான். பையன் வீட்டாருக்கு இது பழகிய வழக்கம். மகளின் பிறப்புச் சான்றும் மணமாகாதவர் என்ற சான்றும் இங்கிருந்து போக வேண்டிவரும். எந்த முத்திரையோடு என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். பின்பு மார்செய் இந்தியத் துணைத் தூதரகத்தில் 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம், 17-ஆம் பிரிவின் கீழ் பதியலாம். பதிவாகி 2 ஆண்டு தொடர்ந்து சேர்ந்திருந்தால் மாப்பிள்ளை ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை கேட்கலாம். அதன்பின் புதுச்சேரியில் நடப்பது முழுக்க உங்கள் இரு வீட்டுச் சடங்கு. நாளும் இடமும் உங்கள் இஷ்டம். பெண் இந்து என்பதால் மறைமாவட்டத்தின் தனி அனுமதி வேண்டும். பங்குத் தந்தையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பங்காளிகள் சொல்வது பாதி கேட்டு மீதி கட்டிய கதை. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மதம் கடந்து மணப்பவரைக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராக ஆக்குகிறது. பிரிவதுதான், பங்கு பறிபோவதில்லை. பூர்வீகத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்திருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும் நிலத்தையும் மகளுக்குத் தர நினைத்தால், பாசத்தில் தான செட்டில்மென்ட் எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே விவசாய நிலத்தைக் கிரயமாகவோ தானமாகவோ வாங்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை; வாரிசு முறையில் வந்தால் தடையில்லை. அந்த நிலத்துக்கு உயில் எழுதி, அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ பதிந்து வையுங்கள்.