உலைப் புகையில் போகும் வெப்பம்

வெப்பச் சமநிலையை நடத்தி முடித்த வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 80° செ. வெந்நீர் 100 மி.லி., 30° செ. தண்ணீர் 100 மி.லி. இருக்கின்றன. இரண்டையும் கலக்காமல், வெந்நீரைக் கொண்டு தண்ணீரை எவ்வளவு சூடாக்கலாம்? "55°" என்று உடனே பதில் வரும். அதற்கு மேல் முடியவே முடியாது என்பார்கள். முடியும்.

தண்ணீரை இரண்டு கிண்ணங்களில் 50 மி.லி. வீதம் ஊற்றுங்கள். ஓர் எவர்சில்வர் டம்ளரில் 50 மி.லி. வெந்நீர் எடுத்து முதல் கிண்ணத்தில் வையுங்கள். இரண்டும் 55° ஆகும். அதே டம்ளரை இரண்டாம் கிண்ணத்துக்கு மாற்றினால் 42.5°. பிறகு மீதி வெந்நீரை பிளாஸ்கிலிருந்து இன்னொரு டம்ளரில் ஊற்றி, முதல் கிண்ணத்தில் வைத்தால் 67.5°; இரண்டாவதில் 55°. கிண்ணங்களின் சராசரி 61.25°, டம்ளர்களின் சராசரி 48.75°. வெப்பத்தை வாங்கியது, கொடுத்ததைவிடச் சூடாகிவிட்டது! ஒவ்வொரு படியிலும் வெப்பம் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கே சென்றதா என்று மாணவர்களே சரிபார்க்கட்டும். செய்முறையில் அளவீடு சற்றுக் குறையும். பாத்திரமும் காற்றும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். மூன்று மூன்றாகப் பிரித்தால் கணக்குப்படி 64.4° வரும்.

தொழிற்சாலை உலைகளில் நடப்பதும் இதுதான். எரிந்த புகை பல நூறு டிகிரியில் வெளியேறுகிறது. எரிவதற்கான காற்றோ அறை வெப்பநிலையில் நுழைகிறது. அந்தக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். எரிதலுக்கு உதவாத அதையும் எரிபொருள்தான் சூடாக்க வேண்டும். எனவே புகையையும் காற்றையும் தனித்தனிக் குழாய்களில் எதிரெதிர்த் திசையில் ஓடவிடுகிறார்கள். ஆறிய புகை குளிர்ந்த காற்றையும், கொதிக்கும் புகை ஏற்கெனவே சூடான காற்றையும் சந்திக்கும். நம் டம்ளர் வரிசையும் அப்படித்தானே!

சூடான காற்றின் பயனை 1828இல் ஸ்காட்லாந்தின் நீல்சன் காட்டினார். ஒரு டன் இரும்புக்குச் சுமார் 8 டன் நிலக்கரி செலவான இடத்தில் 5 டன் போதுமானதாயிற்று. ஆனால் காற்றைச் சூடாக்க அவர் தனியாக நிலக்கரி எரித்தார். 1856இல் பிரெடரிக் சீமென்ஸ் காப்புரிமை பெற்ற உலையில், வெளியேறும் புகையே செங்கல் அறைகளைச் சூடாக்கியது. பிறகு அதே அறைகள் வழியே காற்று எதிர்த்திசையில் உள்ளே வந்தது.

முழு வெப்பத்தையும் பிடித்துவிடலாமே என்று ஒரு மாணவராவது கேட்பார். கந்தகம் உள்ள எண்ணெய் எரியும் உலையில் புகையை அளவு மீறிக் குளிரவிட்டால், கந்தக அமிலம் படிந்து குழாய்களை அரித்துவிடும். அதனால் கொஞ்சம் சூட்டோடுதான் புகையை வெளியே விடுகிறார்கள்.