கோடைக்கானலும் அதன் கூட்டுவாழ்வும்

மயிலாடியில் வாழ்வார்க்கு மலை புதிதன்று. மேலை மலைத்தொடரின் கடைக்குன்றுகள் நம் வயல்வரப்பின் அருகே வந்து முடிகின்றன. மருத்துவாழ்மலையின் மூலிகைகளைக் குறித்து நம் பாட்டிமார் சொல்லாத கதையில்லை. எனினும், நோய்க்கு அஞ்சி மலையுச்சியில் ஒரு நகரையே அமைத்துக்கொள்வது நம் முன்னோர் அறியாத வழக்கம். அவ்வழக்கம் எழுந்த காரணத்திற்கு மயிலாடியே சான்று பகரும். 1806-ல் இப்பகுதிக்கு வந்து, 1809-ல் இங்கு ஆலயம் எழுப்பிய ரிங்கல்தௌபே ஐயர், உடல் நலிந்தவராய் 1816-ல் திருவிதாங்கூரை விட்டுக் கப்பலேறினார். அவர் மீளவில்லை, அவர் முடிவு இன்னதென்றும் அறியப்படவில்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் அக்காலத்து மிஷனெரிமாரை அவ்வாறு வாட்டின.

மதுரையில் 1834-ல் தொடங்கிய அமெரிக்க மிஷனாரும் இத்துன்பத்திற்குத் தப்பவில்லை. கல்லறைகள் பெருகவே, முதலில் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தனர். காய்ச்சல் அங்கும் தொடர்ந்தது. அக்காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்னும் உண்மை, 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் ஆராய்ந்து காணும்வரை உலகிற்கு உறுதிப்படவில்லை. ஆயினும் சிறுமலையின் உயரம் போதாது என்பதைப் பட்டறிவு அவர்களுக்கு உணர்த்திற்று. 1821-ல் லெப்டினண்ட் வார்டு அளவையிட்டுச் சென்ற பழனி மலைமீது அவர்கள் கண் சென்றது. 1845-ல், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், ஸன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகள் எழுந்தன. உதகையும் சிம்லாவும் ஆங்கில அதிகாரிகளால் தோன்றியவை. கோடைக்கானலுக்கோ பிணியாளரே வித்திட்டனர் எனலாம்.

அக்காலத்தில் மலையேறுதல் எளிதான செயலன்று. இருப்புப்பாதை வந்த பின்னும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் இரவெல்லாம் சென்று, பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்தை அடைய வேண்டும். அங்கிருந்து ஒற்றையடிப்பாதை சுமார் 12 மைல். ஆடவர் குதிரைமீதோ நடந்தோ சென்றனர். பெண்டிரும் பிள்ளைகளும் நோயாளரும் டோலியிலும் நாற்காலியிலும் ஏறிக் கூலியாட்களின் தோள்மேல் சென்றனர். பெட்டி, படுக்கை, அரிசி மூட்டை யாவும் தலைச்சுமையாகவே ஏறின. மோட்டார் ஓடத்தக்க சாலை முதல் உலகப் போர்க்காலத்தை ஒட்டியே அமைந்தது. அதற்கு முன் எழுபது ஆண்டுகள் அந்நகரைத் தூக்கி நிறுத்தியவை சுமைகாரரின் தோள்களே. வீடு கட்டியோர் பெயர் நூல்களில் உள்ளது. சுமந்தோர் பெயர் ஒன்றும் இல்லை.

நகரின் நடுவேயுள்ள ஏரி இயற்கையில் அமைந்ததென்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. மதுரைக் கலெக்டராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு துரை, சதுப்பு நிலத்தினூடே ஓடிய ஓடையைக் கரையிட்டு மறித்து, 1863-ல் அதனை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகும் வருவித்தார் என்பர். சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள அந்நீர்நிலை எவர் வீட்டுத் தோட்டத்திற்குள்ளும் அடங்காமல், யாவரும் சுற்றி நடக்கும்படி நிற்பது, அந்நகருக்கு வாய்த்த பெரும் பேறு என்பது என் கருத்து.

கீழே தனித்தனி மிஷன்களாய்ப் பிரிந்து உழைத்தோர், மேலே ஒன்றாய்க் கூடினர். 1890-ல் கோடைக்கானல் மிஷனெரி சங்கம் அமைந்தது. 1901-ல் மார்கரெட் எடி அம்மையார் 13 பிள்ளைகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மிஷனெரிமாரின் பிள்ளைகளுக்கென எழுந்த அதுவே இன்று பல நாட்டுப் பிள்ளைகளும் பயிலும் சர்வதேசப் பள்ளி.

மலையின் குளிர் சபைப் பிரிவுகளைத் தணிக்கும் போலும்! ஹென்றி லன் என்னும் மெதடிஸ்டு ஊழியர் இந்தியாவுக்கு வந்து, உடல் நலம் குன்றிச் சின்னாளில் தாய்நாடு திரும்பினார். பின்னர் 1892 முதல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டு என்னும் மலையூரில் பல சபையாரையும் கூட்டி ஐக்கிய மகாநாடுகள் நடத்தினார். அக்கூட்டங்களுக்கு ஆள் சேர்த்த முயற்சியே பெரிய பிரயாண ஏற்பாட்டுத் தொழிலாய் வளர்ந்து, பனிக்காலத்தில் அம்மலைகளுக்கு மக்களை ஈர்த்தது. 1888-ல் சென்னையில் பிறந்த அவர் மகன் ஆர்னால்டு லன், கொடிகளினூடே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் என்னும் பனிச்சறுக்குப் பந்தயத்திற்கு 1922-ல் மியூரன் என்னும் ஊரில் இக்கால முறையை வகுத்தார். பனியே காணாத நம் மாகாணத்தில் பிறந்தவர் பனி விளையாட்டுக்கு விதி செய்தது வியப்பே. நம் நாட்டிலும் 1927-ல் காசுமீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்று ஏற்பட்டது.

இனி, கோடைக்கானலின் கூட்டுவாழ்வு யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்று கேட்டல் வேண்டும். அம்மலை ஆளற்ற மலையன்று. பளியரும் புலையரும் தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்தவர்கள். சமவெளியிலிருந்து ஏறிய உழவர் வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் ஆகிய ஊர்களில் படிக்கட்டு வயல் அமைத்தனர். பூம்பாறை முதலிய ஊர்களின் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. மிஷனெரிமார் ஒருவர்க்கொருவர் காட்டிய நட்பு மெய்யானதே. அந்நட்பின் வட்டத்துள் இவர்கள் அமரவில்லை. நல்லோர் கூட்டமும் தன் எல்லையைத் தானே காணாதிருத்தல் கூடும்.

பிற்காலத்தில் தீங்கு வேறு வடிவில் ஏறிற்று. 1980-களில் அங்கு அமைந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001-ல் ஊர்ப் பழைய சாமான் கிடங்கில் கண்டறியப்பட்டது. மக்கள் கிளர்ந்தெழவே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளரும் ஊராரும் பல்லாண்டு வழக்காடினர். 2016-ல் தொழிலாளர்க்கு உடன்பாடு கிட்டியது. சுமைகாரர் பெயரற்றுப் போன அதே மலையில், இம்முறை உழைப்பாளர் தம் பெயரைத் தாமே எழுதுவித்தனர் என்று மகிழலாம். வண்டிகளின் நெருக்கத்தால், மே 2024 முதல் நீதிமன்ற ஆணைப்படி வெளியூர் வாகனங்களுக்கு முன்பதிவுச் சீட்டு வேண்டியதாயிற்று.

ஏரியின் படிவிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வேரியில் மிகும் நீரே சாலையோரம் வெள்ளியருவியாய் 180 அடி வீழ்ந்து, கீழ்நோக்கிச் செல்கிறது.