விலையும் மதிப்பும்

(உரைநடைப் பகுதி)

நுழையும்முன்

ஒரு பொருளின் விலை எவ்வாறு உருவாகிறது? மூலப்பொருளின் விலையோடு கூலியைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். சில பொருள்களில் அக்கணக்குப் பொருந்துவதில்லை. அத்தகைய பொருள்களுள் ஒன்று கைக்கடிகாரம். நம் மணிக்கட்டில் இருக்கும் அச்சிறுபொருளைக் கொண்டு விலையின் இயல்பை அறிய முற்படுவோம்.

ஒரு வினா

மாணவர்களே! இரண்டு கைக்கடிகாரங்களை மனக்கண்முன் நிறுத்துங்கள். ஒன்று, நீங்கள் வாழும் நகரத்தின் கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. மற்றொன்று, சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டுப் பல இலட்சம் ரூபாய்க்கு விற்கப்படுவது. இவ்விரண்டில் நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவது எது? விலை மிகுந்ததே என்று உடனே விடை கூறத் தோன்றும். பெரும்பாலும் அவ்விடை தவறு. மலிவான கடிகாரமே துல்லியத்தில் முந்தும். அவ்வாறாயின் மற்றொன்றுக்கு அத்துணை விலை எதற்காக? இதுவே இப்பாடத்தின் வினா.

இருவகைப் பொறிகள்

விலை மிகுந்த கடிகாரங்களுள் பெரும்பாலானவை இயந்திர வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மின்கலம் இல்லை. சாவி கொடுக்கும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அவை கட்டின்றிச் சுழன்றுவிடாதபடி ஒரு சிறிய நெம்புகோல் கடைசிச் சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுகிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' ஓசை அதிலிருந்து பிறப்பதே. அந்நெம்புகோலுக்குத் தாளம் அமைத்துத் தருவது, மயிரிழை போன்ற சுருளோடு இணைந்து முன்னும் பின்னும் ஆடும் ஒரு சக்கரம். இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் அஃது ஒரு நொடிக்கு எட்டு முறை, அதாவது ஒரு மணி நேரத்திற்கு 28,800 முறை துடிக்கிறது.

மலிவான கடிகாரத்தில் இருப்பது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். மின்கலத்தின் ஆற்றலால் அக்கல் ஒரு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இஃது ஏதோ ஓர் எண் அன்று. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது இவ்வெண். மின்சுற்று இதனைப் பதினைந்து முறை பாதியாக்க, நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. முள் ஒரு நொடி நகர்கிறது.

மிகுதியாகத் துடிக்கும் பொறியில் பிழை குறையும். சாதாரணப் படிகக் கடிகாரம் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 15 நொடிகள் பிறழலாம். சுவிட்சர்லாந்தில் இயந்திரக் கடிகாரங்களைப் பதினைந்து நாள்கள் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு ஒன்று உண்டு. அச்சோதனையில் தேற, நாள்தோறும் சராசரியாக 4 நொடிகள் பிந்தலாம்; 6 நொடிகள் முந்தலாம். நாளொன்றுக்கு 6 நொடிகள் எனில் மாதத்திற்கு 180 நொடிகள். சான்றிதழ் பெற்ற கடிகாரத்தின் நிலையே இது!

துல்லியம் மலிவான கதை

துல்லியம் எப்போதும் மலிவாக இருந்ததில்லை. 1969ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள், சப்பானின் சைக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்னும் பெயரில் உலகின் முதல் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அந்நாளில் அந்நாட்டில் ஒரு சிறிய மகிழுந்தை அத்தொகைக்கு வாங்கியிருக்கலாம்.

பின்னர் மின்னணுப் பொருள்கள் மலிவாயின. படிகக் கடிகாரமும் மலிவாயிற்று. நெடுங்காலமாக உலகிற்குக் கடிகாரம் செய்து தந்த சுவிட்சர்லாந்து நிலைகுலைந்தது. 1970ஆம் ஆண்டளவில் அத்தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைத்திறன் ஒரு சிறிய படிகக்கல்லிடம் தோற்றது.

அத்தொழில் இருவழிகளில் மீண்டது. முதலாவது வழி, 51 உறுப்புகளே கொண்டு 1983இல் வெளிவந்த 'சுவாட்ச்' என்னும் மலிவான நெகிழிக் கடிகாரம். இரண்டாவது வழி, இயந்திரக் கடிகாரத்தைக் கலைப்பொருளாக முன்வைத்தது. நேரம் காட்டும் வேலையைப் படிகக்கல் எடுத்துக்கொண்டமையால், கைவேலையே தனிப்பொருளாயிற்று. அன்றுமுதல் விலைமிகு கடிகாரத்தை வாங்குபவர் நேரத்தை வாங்குவதில்லை. வேறு சிலவற்றை வாங்குகிறார். அவை எவை?

விலையின் நான்கு கூறுகள்

முதலாவது, பொருள். பொற்கடிகாரம் எஃகுக் கடிகாரத்தைவிட விலை மிகுந்தது என்பது வெளிப்படை. பதினெட்டு காரட் தங்கத்தில் நூற்றுக்கு 75 பங்கு பொன் உண்டு. எனினும் அப்பொன்னின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால், புகழ்பெற்ற நிறுவனங்களின் கடிகாரங்களில் அது முழுவிலையின் ஒரு பகுதியாகவே அமையும். 'பதினேழு கற்கள்' என்று முகப்பில் எழுதியிருப்பதைக் கண்டு வியப்பவர் உளர். அவை தேய்மானத்தைக் குறைக்கச் சக்கரங்களின் அச்சு முனைகளில் பொருத்தப்படும் செயற்கை மாணிக்கங்கள். ஆய்வகத்தில் மாணிக்கம் உருவாக்கும் முறையைப் பிரான்சு நாட்டு அறிஞர் ஒகுஸ்த் வெர்னே 1902இல் வெளியிட்டார். அதன்பின் அக்கற்கள் மிக மலிவாயின.

இரண்டாவது, உழைப்பு. சில கடிகாரங்கள் நாள், கிழமை, திங்கள் ஆகியவற்றோடு லீப் ஆண்டையும் தாமே அறிந்து காட்டும். கணிப்பொறி ஏதுமின்றிப் பற்சக்கரங்களே அக்கணக்கைச் செய்கின்றன. 2100ஆம் ஆண்டு நான்கால் வகுபட்டாலும் லீப் ஆண்டு அன்று. ஆதலின் அவ்வாண்டின் மார்ச்சு முதல் நாளில் அவற்றுள் பெரும்பாலானவற்றை மனிதர் திருத்த வேண்டியிருக்கும். புவியீர்ப்பினால் விளையும் பிழையைக் குறைக்க, ஆடும் சக்கரத்தையே ஒரு சிறு கூண்டில் வைத்துச் சுழலச் செய்யும் அமைப்புக்கு ஆபிரகாம் லூயி பிரெகே 1801இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய நுண்பொறிகளைக் கோப்பதற்குத் தேர்ந்த கைவினைஞருக்குப் பல வாரங்கள், சிலபோது பல மாதங்கள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளின் விளிம்புகளையும் அவர் மெருகேற்றுகிறார். அக்காலத்தின் கூலி விலையில் சேர்கிறது.

மூன்றாவது, அருமை. தமிழில் 'அருமை' என்னும் சொல் 'கிடைத்தற்கு அரியது' என்பதையும் 'சிறந்தது' என்பதையும் ஒருங்கே உணர்த்தும். கடிகாரச் சந்தையில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே கலந்துள்ளன. படேக் பிலிப் நிறுவனத்தின் 'நாட்டிலஸ்' வரிசையைச் சார்ந்த ஓர் எஃகுக் கடிகாரத்திற்கு வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2021இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியதும், கடையில் குறித்த விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து மறுவிற்பனையில் வாங்கினர். எஃகின் தன்மை மாறவில்லை. வாங்க விழைவோர் பலராகவும் கடிகாரம் சிலவாகவும் இருந்தமையே காரணம். அதே நிறுவனம் ஒன்றே ஒன்றாகச் செய்த ஓர் எஃகுக் கடிகாரம், 2019 நவம்பரில் செனீவா நகரில் நடந்த அறக்கொடை ஏலத்தில் 3 கோடியே 10 இலட்சம் சுவிசு பிராங்குகளுக்கு விலைபோயிற்று.

நான்காவது, பெயரும் வரலாறும். அமெரிக்கத் திரைப்பட நடிகரும் மகிழுந்துப் பந்தய வீரருமான பால் நியூமனுக்கு அவருடைய மனைவி ஒரு ரோலக்ஸ் கைக்கடிகாரத்தைப் பரிசளித்தார். வண்டியைக் கவனமாக ஓட்டும்படி அதன் பின்புறத்தில் பொறித்தும் தந்தார். அவ்வகைக் கடிகாரம் அந்நாளில் சில நூறு டாலர்களுக்குக் கடைகளில் கிடைத்தது. 2017இல் நியூயார்க்கு ஏலத்தில் அது 1 கோடியே 77 இலட்சம் டாலர்களைக் கடந்தது. உள்ளே இருக்கும் பொறி அதே பொறிதான். அணிந்தவர் யார், தந்தவர் யார், என்ன சொல்லித் தந்தார் என்பவற்றுக்கே அவ்விலை.

இந்நான்கோடு விளம்பரச் செலவும் விற்பவரின் ஆதாயமும் சேரும். சுங்கவரியும் விற்பனை வரியும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒரே கடிகாரம் சூரிக்கு நகரில் ஒரு விலைக்கும் தில்லியில் மற்றொரு விலைக்கும் விற்கப்படுகிறது.

பெயருக்கென்று தனி விலை உண்டு என்பதற்குப் போலிக் கடிகாரங்களே சான்று. அவற்றைச் செய்பவர் உழைப்பையோ அருமையையோ படியெடுப்பதில்லை. முகப்பில் உள்ள பெயரை மட்டும் படியெடுக்கிறார். அதை வாங்குபவர் தம்மிடம் இல்லாத ஒன்றைப் பிறருக்குக் காட்டுவதற்காகப் பணம் கொடுக்கிறார்.

நம் நாட்டுக் கடிகாரங்கள்

இந்தியாவில் அரசு நிறுவனமான எச்.எம்.டி., சப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூருவில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. எளிய குடும்பங்களின் திருமணப் பரிசாகவும் பணிநிறைவுப் பரிசாகவும் அக்கடிகாரங்கள் வழங்கப்பெற்றன. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் தொழிற்சாலை ஒசூரில் உள்ளது. விடுமுறையில் பெங்களூரு வழியாகச் சாலையில் ஊர் திரும்புவோர், தமிழ்நாட்டிற்குள் நுழைந்ததும் முதலில் காணும் பெரிய ஊர் அது. அந்நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'எட்ஜ்' கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் பொறியின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். அரிய திறன் எப்போதும் எட்டாத விலையில்தான் இருக்கும் என்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு பழைய கடிகாரம்

என் தந்தையார் தம்முடன் பணியாற்றிய ஒருவரிடமிருந்து, பயன்படுத்திய கைக்கடிகாரம் ஒன்றைத் தவணைமுறையில் வாங்கினார். காலையில் வானொலியில் செய்திக்கு முன் நேரம் சொல்லும்போது முள்ளைத் திருத்திச் சாவி கொடுப்பார். நான் பணியின்பொருட்டு வடக்கே புறப்பட்டபோது அதைக் கழற்றி என்னிடம் தந்தார்.

சென்ற ஆண்டு அஃது ஓடாமல் நின்றது. இந்நகரில் கடிகாரம் பழுது நீக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் அதைத் திறந்து, கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திப் பார்த்தார். எண்ணெய் உலர்ந்துவிட்டது என்றும், பிரித்துத் தூய்மை செய்ய 800 ரூபாய் ஆகும் என்றும், விற்றால் 500 ரூபாய்கூடக் கிடைக்காது என்றும் கூறி, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் 800 ரூபாயைக் கொடுத்தேன். அவர் புன்னகைத்தார், மறுவினா எழுப்பவில்லை.

அவர் கூறிய 500 ரூபாய் அக்கடிகாரத்தின் விலை. அது சந்தை சொல்வது. நான் கொடுத்த 800 ரூபாயும் அதன் மதிப்பை அளந்துவிடவில்லை. இப்போதும் அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. நாள்தோறும் காலையில் முள்ளைத் திருத்திச் சாவி கொடுத்த பின்னரே வகுப்பிற்கு வருகிறேன்.

மாணவர்களே! இனி எந்தப் பொருளின் விலைச்சீட்டைக் கண்டாலும், அதில் பொருளுக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு, அருமைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பவர் ஏமாறுவதில்லை.

சொற்பொருள்

துல்லியம் – பிழையின்மை
பிறழ்தல் – மாறுபடுதல், தவறுதல்
முகப்பு – கடிகாரத்தின் முன்பக்கம்
தேய்மானம் – உராய்வதால் குறைதல்
விழைவோர் – விரும்புவோர்
ஆதாயம் – இலாபம்
போலி – உண்மையானதுபோல் தோன்றும் பொய்ப்பொருள்
தவணை – பகுதி பகுதியாகப் பணம் செலுத்தும் முறை

பிரித்தறிவோம்

பற்சக்கரம் = பல் + சக்கரம்
பொற்கடிகாரம் = பொன் + கடிகாரம்
கைக்கடிகாரம் = கை + கடிகாரம்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. படிகக்கல் ஒரு நொடிக்கு ______ முறை அதிர்கிறது.
2. டைட்டன் நிறுவனத்தின் தொழிற்சாலை ______ என்னும் ஊரில் உள்ளது.
3. உலகின் முதல் படிகக் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்த ஆண்டு ______.

ஆ. குறுவினா
1. 'அருமை' என்னும் சொல் உணர்த்தும் இருபொருள்கள் யாவை?
2. பதினேழு கற்கள் உள்ள கடிகாரம் அக்கற்களால் விலை மிகுவதில்லை. ஏன்?
3. போலிக் கடிகாரம் எதனைப் படியெடுக்கிறது?

இ. சிறுவினா
1. 1970க்குப் பின் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் எவ்வாறு வீழ்ந்தது? எவ்வாறு மீண்டது?
2. பால் நியூமனின் கைக்கடிகாரம் பெருவிலைக்கு விற்கப்பட்டதன் காரணத்தை விளக்குக.

ஈ. சிந்தனை வினா
800 ரூபாய் செலவிட்டு 500 ரூபாய் பெறாத கடிகாரத்தைப் பழுது நீக்கியது அறிவுடைமையா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
உம் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அஃது எந்த ஊரிலிருந்து, யார் வழியாக வீட்டிற்கு வந்தது என்று பெற்றோரிடமோ, தொலைபேசியில் தாத்தா, பாட்டியிடமோ தமிழில் கேட்டறிக. அதன் விலையையும் மதிப்பையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.