மழைக்கு முன் சரிவைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்து, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கடற்பக்கம் வானம் கறுத்து, இடியோடு மழை கொட்டத் தொடங்கிவிட்ட இந்நாட்களில், சுங்கை ஊடாங்கிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மேட்டு நிலத்தை அடுத்துக் குடியிருப்போர், தீபாவளிக்கு வீட்டைச் சாயம் பூசும் முன்பாகக் கொல்லைப்புறச் சரிவை ஒருமுறை நின்று பார்த்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். மலாக்காவில் கேமரன் மலை போன்ற உயர்ந்த மலைகள் இல்லையே, நமக்கென்ன அபாயம் என்று நினைக்கத் தோன்றும். மண் சரிவதற்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. சமையலறையை நீட்டுவதற்காகப் பின்மேட்டை வெட்டிச் செங்குத்தாக நிறுத்திய பதினைந்தடி மண்சுவரே ஒரு குடும்பத்தைப் புதைக்கப் போதுமானது.

நம் நாட்டில் நிகழ்ந்த பெருஞ்சரிவுகளின் தேதிகளைக் கோத்துப் பார்த்தால் இந்தப் பருவத்தின் சுபாவம் விளங்கும்: உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் 1993 டிசம்பர் 11, தாமான் ஹில்வியூ 2002 நவம்பர் 20, புக்கிட் அந்தாராபங்சா 2008 டிசம்பர் 6, கட்டுமானத் தொழிலாளர் 11 பேர் மாண்ட தஞ்சோங் பூங்கா 2017 அக்டோபர் 21, முகாமில் உறங்கியிருந்த 31 பேரை விழுங்கிய பத்தாங் காலி 2022 டிசம்பர் 16. வேறு மாதங்களிலும் மண் சரிந்ததுண்டு. ஆயினும் ஆண்டின் இறுதி மூன்று மாதங்களில் இத்தனை துக்கம் திரண்டு கிடப்பதை நாம் அலட்சியம் செய்யலாகாது.

ஹைலண்ட் டவர்ஸின் கதை, 48 உயிர்களைப் பலிகொண்டதென்பதற்காக மட்டுமன்றி, அது மெல்ல மெல்ல நேர்ந்த விபத்தென்பதற்காகவும் நினைவிற் கொள்ளத்தக்கது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் பின்னிருந்த குன்றில் ஓடிய சிற்றோடையைத் திருப்பிக் குழாய் வழியே விட்டனர், மேலே மரங்கள் அழிக்கப்பட்டன, வடிகால்கள் போதவில்லை. பல நாள் மழை நீர் மண்ணுக்குள் ஊறி ஊறி, தடுப்புச் சுவர்களைச் சாய்த்து, இறுதியில் அஸ்திவாரத்தையே முன்னே தள்ளிவிட்டது. வழக்கு நடந்தது, 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் ஸ்தல ஸ்தாபனத்தின்மீதும் பொறுப்பைச் சுமத்தியது. ஆனால் 2006ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அந்த ஸ்தாபனத்துக்குப் பாதுகாப்பளிக்கிறதென்று தீர்ப்பளித்தது. இடிந்தபின் ஊராட்சி மன்றத்திடம் நஷ்டஈடு பெற்றுக்கொள்ளலாமென்று எண்ணி வாளாவிருப்பவர் இத்தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்க வேண்டிய காலம் மண் வெட்டப்படுமுன் உள்ள காலமே.

அதே சட்டத்தின் 70அ பிரிவின்படி, நிலத்தைத் தோண்டுவதும், சமன் செய்வதும், மண் கொட்டி நிரவுவதும், மரங்களை வீழ்த்துவதுங்கூட, வரைபடம் சமர்ப்பித்து ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்றபின்னரே தொடங்கத்தக்க வேலைகள். மாநில அரசு மலைநிலமென்று அறிவித்த இடமாயின், 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி நில நிர்வாகியின் அனுமதியின்றி அங்கே காட்டை அழிக்கவும் கூடாது. ஆதலால் உங்கள் வீட்டுக்கு மேற்புறம் மண்வாரி இயந்திரம் ஏறுமாயின், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றே புகைப்படத்தோடு ஊராட்சி மன்றத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, மனு பெற்றதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் திட்டம் வகுக்கப்படாத இடங்களில், பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவித்து, 21 நாட்களுக்குள் ஆட்சேபம் கூற இடமளிக்க வேண்டுமென்று 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற, நாட்டுப்புறத் திட்டச் சட்டம் கூறுகிறது. அந்த அறிவிப்பு உரிமையாளருக்கே போகும். தலைமுறை தலைமுறையாகத் தோட்ட லயத்தில் வாழ்ந்தும் ஒரு சாண் நிலத்துக்கு உரிமையற்ற நம்மவருக்குப் போகாது. அவர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் தாமே மனுக் கொடுப்பதுதான் வழி.

சரிவின் கடுமையை நீங்களே ஒருவாறு அளக்கலாம். மேட்டில் ஒரு நூலின் நுனியைத் தரையில் ஊன்றி, சரிவு இறங்கும் திக்கில் பத்தடி தூரம் மட்டமாக இழுத்துப் பிடித்து, மறுநுனியிலிருந்து கீழேயுள்ள தரை எத்தனை அடியென்று பாருங்கள். நாலரை அடிக்கு மேற்பட்டால் சரிவு ஏறத்தாழ 25 பாகையைத் தாண்டியதென்று பொருள். ஏழடியானால் 35 பாகை. நம் நாட்டின் வகைப்பாட்டில் 25 முதல் 35 வரை மூன்றாம் வகுப்பு, அதற்கும் மேல் நான்காம் வகுப்பு. அத்தகைய இடத்தில் பொறியாளரின் ஆலோசனையின்றி ஒரு கூடை மண்ணையும் எடுக்காதீர்கள். எடுக்கத் தொடங்கிய வேலையையும் இம்மழை ஓயும்வரை நிறுத்தி, வெட்டிய முகத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள்.

பழைய ரப்பர்த் தோட்டங்களில் மேட்டுக்காட்டைச் சரிவுக்குக் குறுக்கே படிப்படியாக வெட்டி, நிரைகளுக்கிடையே மண் தேங்கக் குழி தோண்டி, தரை முழுவதும் பயற்றுக்கொடி படரவிடும் வேலையை நம் பெரியவர்கள் கைநோகச் செய்தார்கள். நீரின் வேகத்தைத் தணிக்கும் அந்த வித்தையை வீட்டுக்கொல்லையிலும் கைக்கொள்ளலாம்: வேர்பிடித்த புல்லையும் மரத்தையும் விட்டுவையுங்கள், கூரைத் தண்ணீரைச் சரிவின் தலையில் கொட்டவிடாமல் சிமெண்டுக் கால்வாயில் சேருங்கள், அக்கால்வாயில் அடைந்த சருகையும் பிளாஸ்டிக் பையையும் இவ்வாரமே அள்ளுங்கள். தடுப்புச் சுவரின் அடியிலுள்ள சிறு குழாய்த் துளைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். அவற்றின் வழியே நீர் வெளியேறாவிட்டால் சுவருக்குப் பின்னே தேங்கி அதைத் தள்ளும்.

மேட்டின் உச்சியில் தீக்குச்சி நுழையுமளவு புதுவிரிசல், நேராக நின்ற மரமோ வேலிக்கம்பமோ சாய்தல், தெளிந்து கசிந்த ஊற்று திடீரென்று செம்மண் நிறமாதல், கதவு நிலையில் சிக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டால், விடியட்டுமென்று காத்திராமல் அன்றிரவே குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, 999க்கு அழையுங்கள். அண்டை வீட்டுக் கதவையும் தட்டிச் செல்லுங்கள். சாமான் எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம்.